வெளிமான், புள்ளிமான், நீலகாய் ஒரே அடைப்பில் விடலாமா? எதோடு எது சேரும்?

வரைபலகை:

எல்லோருக்கும் வணக்கம். கட்டடக்கலை கடைசி வருடம் படிக்கிறேன். தீசிஸுக்குத் தென்மாவட்டத்தில் ஒரு நடுத்தர அளவு உயிரியல் பூங்காவை எடுத்திருக்கிறேன். வறண்ட நிலம், அங்கங்கே உடைமரமும் வேம்பும், மேற்கு ஓரத்தில் சின்னதாக ஒரு குளம். இலைதழை தின்னும் விலங்குகளுக்கு மட்டும் 8 ஏக்கர் ஒதுக்கியாயிற்று. அதைக் கம்பிவேலி போட்டுத் துண்டு துண்டாக நறுக்க மனசு வரவில்லை. ஒரு மேட்டில் ஏறி நின்றால் வெளிமான், புள்ளிமான், கடமான், நீலகாய் எல்லாம் ஒன்றாக மேய்வது தெரிய வேண்டும், நடுவில் மயில், குளக்கரையில் ஒரு ஜோடி சாரஸ் கொக்கு. சாலைக்கு அந்தப் பக்கம் 3 ஏக்கரில் ஆப்பிரிக்கா: வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, நெருப்புக்கோழி, முடிந்தால் வில்டபீஸ்ட் என்கிற மாடு மாதிரியான பெரிய மான். இரண்டுக்கும் இடையில் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வெள்ளாடு, செம்மறி, கோழி வைத்து ஒரு முற்றம்.

என் கைடு, "ஒரே நாட்டு விலங்கென்றால் தொல்லை இல்லை, காட்டில் ஒன்றாகத்தானே திரிகின்றன" என்கிறார். இணையத்தில் தேடினால் பட்டியலுக்குப் பஞ்சமில்லை, ஒன்றில் சேரும் என்று போட்டிருப்பது இன்னொன்றில் சேராது. தீசிஸை மதிப்பிடும் ஜூரியில் விலங்கு தெரிந்த ஒருவர் உட்கார்ந்துவிட்டால் நான் மாட்டினேன். பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், இந்தக் கூட்டணி தேறுமா? எதைத் தூக்க வேண்டும்?


பழைய கீப்பர்:

தம்பி, பட்டியலை ஓரமாக வை. எது எதோடு சேரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சேராமல் போனால் அரைமணி நேரத்தில் எப்படிப் பிரிப்பாய் என்று யாரும் கேட்பதில்லை. வரைபடத்தில் முதலில் வர வேண்டியது அதுதான். ஒவ்வொரு இனத்துக்கும் தனியாக ஒரு கிரால், அதாவது அடைத்துவைக்கிற பட்டி, அதில்தான் தீவனம், சாயங்காலம் தானாக உள்ளே வந்து பழக வேண்டும். கிராலுக்கு இரண்டு வாசல் கட்டாயம். ஒரு வாசல் மட்டும் வைத்தால் பெரிசு ஒன்று வாசலிலேயே நின்றுகொள்ளும், சிறிசு உள்ளேயும் போகாது, உள்ளே இருப்பது வெளியேயும் வராது. அப்புறம் ஒன்று வயிற்றுக்கில்லாமல் மெலியும், நீங்கள் குடற்புழு என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

உன் கைடு சொல்வது பாதி சரி. கிண்டி தேசியப் பூங்காவில் வெளிமானும் புள்ளிமானும் ஒன்றாகத்தான் இருக்கின்றன, 2.7 சதுர கிலோமீட்டருக்குள். ஆனால் என்ன நடந்தது என்று பார். மரமும் புதரும் அடர அடரப் புள்ளிமானுக்குக் கொண்டாட்டம். வெட்டவெளி தேடும் வெளிமான் போலோ மைதானம் மாதிரி திறந்த இடங்களில் ஒதுங்கிக்கொண்டது. கோடியக்கரையில் அதே வெளிமானோடு காட்டில் விட்ட குதிரைகள் மேய்கின்றன. சண்டை ஒன்றும் இல்லை, ஆனால் அதே புல், அதே தண்ணீர், குதிரை பெரிசு. ஒரே இடத்தில் இருக்கின்றன என்பதை வைத்து ஒத்துப்போகின்றன என்று முடிவு கட்ட முடியாது. காட்டில் தோற்றது ஓடிவிடும். 8 ஏக்கரில் ஓடினால் வேலிதான்.

இனி உன் விலங்குகள். வெளிமான் ஆண் ஒன்று வேகத்துக்கு வந்துவிட்டால் பார்த்திருக்கிறாயா? மூக்கைத் தூக்கி, கொம்பு முதுகில் படுகிற மாதிரி தலையைச் சாய்த்து, வாலை மேலே மடக்கிக்கொண்டு விறைப்பாக நடக்கும். கண்ணுக்குக் கீழே இருக்கிற சுரப்பியைத் திறந்து குச்சி குச்சியாகத் தேய்க்கும். ஒரே இடத்தில் புழுக்கை போட்டுக் குவிக்கும், அந்தக் குவியலைச் சுற்றி அதன் ராஜ்ஜியம். அந்த நேரத்தில் புள்ளிமான் பெட்டை தெரியாமல் குறுக்கே போனால் விலாவில் குத்து விழும். முறுக்கின கொம்பு, ஆழமாக இறங்கும், வெளியே சின்னத் துளைதான் தெரியும். மறுநாள் காலையில்தான் படுத்திருப்பதைப் பார்ப்போம்.

புள்ளிமான் கிடா கொம்பை உதிர்க்கும், அதனால் கொஞ்ச காலம் நிம்மதி என்பார்கள். ஆனால் நம் பக்கத்தில் எல்லாக் கிடாவும் ஒரே மாதத்தில் உதிர்ப்பதில்லை. ஒன்று மொட்டையாக நிற்கும்போது இன்னொன்று வெல்வெட்டில், அதாவது தோல் மூடி வளர்கிற கொம்போடு இருக்கும், மூன்றாவது கெட்டிக் கொம்போடு மரத்தைச் சீவிக்கொண்டிருக்கும். வருடம் முழுக்கக் குட்டி போடுகிற சாதி. குளிர்நாட்டுப் பூங்காக்காரர்கள் சொல்லுகிற "சினைப்பருவத்தில் மட்டும் பிரித்துவை" என்கிற யோசனை இங்கே வேலைக்கு ஆகாது.

நீலகாய் ஆண் 200 கிலோவைத் தாண்டும், வெளிமான் பெரும்பாலும் 40 கிலோவுக்குள். நீலகாய் பொதுவாக மற்றதைச் சீண்டாது, ஆனால் தீவனத் தொட்டியில் அது வைத்ததுதான் சட்டம். கடமானை இந்த அடைப்பில் இருந்து எடுத்துவிடு. அதற்கு நிழல் வேண்டும், சேறு வேண்டும், நடமாட்டம் பெரும்பாலும் சாயங்காலத்துக்கு மேல். மேட்டில் நின்று பார்க்கிறவருக்குப் பகலில் ஒரு காதுகூடத் தெரியாது, நிழலுக்கு மரம் அடர்த்தியாக வைத்தால் வெளிமானுக்கு வெட்டவெளி போய்விடும்.

சாரஸ் அழகுதான். குளக்கரையில் கூடு கட்டிவிட்டால் அந்தக் குளம் அதனுடையது. ஆளுயரம் நிற்கும், இறக்கையை விரித்துக்கொண்டு வந்தால் நாமே பின்வாங்குவோம். தண்ணீருக்கு இன்னொரு தொட்டி, எதிர்மூலையில், இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் மான்கள் என்ன செய்யும்?

என் கணக்கு: வெளிமான், நீலகாய், மயில். வளர்ந்த ஆண் ஒரே ஒரு இனத்தில், அதுவும் ஒன்று. மற்ற இனத்தில் பெட்டைகளும் குட்டிகளும். புள்ளிமான் வேண்டுமென்றால் தனி அடைப்பு, நடுவே அகழி மாதிரி பள்ளம் எடுத்தால் மேட்டிலிருந்து ஒன்றாகத்தான் தெரியும்.


ஆடுமாடு டாக்டர்:

கீப்பர் ஐயா சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சண்டை. தெரியாததைப் பற்றி நான் சொல்கிறேன். உங்கள் திட்டத்தில் எனக்குப் பகீரென்றது அந்தத் தொட்டுப் பார்க்கும் முற்றம்தான்.

செம்மறி ஆட்டின் உடம்பில் ஒருவகை ஹெர்பிஸ் வைரஸ் சாதாரணமாகக் குடியிருக்கும், ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதே வைரஸ் மான், காட்டெருமை, பாண்டெங் என்கிற காட்டு மாடு போன்றவற்றுக்குப் போனால் கடும் காய்ச்சல், கண்ணும் மூக்கும் ஒழுகும், வாய்க்குள் புண், பெரும்பாலும் சாவு. மாலிக்னன்ட் கட்டாரல் ஃபீவர் என்பது பெயர். புள்ளிமான் எளிதில் பிடித்துக்கொள்ளும் இனங்களில் ஒன்று. மருந்து கிடையாது, நடைமுறையில் தடுப்பூசியும் கிடையாது. நீங்கள் ஆசைப்படும் வில்டபீஸ்ட் இதே குடும்பத்தில் வேறொரு வைரஸைச் சுமக்கும். வில்டபீஸ்ட் கன்று போடும் காலத்தில் மாடுகளை அந்தப் பக்கமே ஓட்டக் கூடாது என்பது கென்யாவிலும் தான்சானியாவிலும் மாசாய் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடிக்கிற வழக்கம், வைரஸ் கண்டுபிடிக்கப்படுவதற்கு வெகு முன்பிருந்தே. ஆகவே செம்மறி வேண்டாம், வில்டபீஸ்ட் வேண்டாம். அந்த முற்றத்தை நுழைவாயில் பக்கம் கொண்டுபோய் வையுங்கள், அங்கே வேலை செய்பவர் அதே காலணியோடு மான் அடைப்புக்கு வரக் கூடாது.

கோழிக்கும் மயிலுக்கும் இதே கதை. கோழியின் குடலில் உள்ள ஒரு சின்னப் புழு, அதன் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி. கோழி தாங்கிக்கொள்ளும், மயிலும் வான்கோழியும் ஈரல் கெட்டுச் சாகும். அந்த முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், கோழியை எடுத்துவிட்டேன் என்றாலும் மண் அங்கேயேதான் இருக்கிறது.

ஒரே அடைப்பில் இருந்தால்தான் தொற்றும் என்றும் இல்லை. ஜெர்மனியில் வுப்பர்டால் உயிரியல் பூங்காவில் 2010-ல் ஒரு பனிக்கரடி மூளை வீக்கத்தில் செத்தது. ஆராய்ந்து பார்த்தால் வரிக்குதிரையிலிருந்து வந்த குதிரை ஹெர்பிஸ் வைரஸின் கலப்பு. பனிக்கரடியையும் வரிக்குதிரையையும் யாரும் ஒரே அடைப்பில் போடவில்லை.

தீவனமும் பாருங்கள். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனத்திலும் மொனென்சின் என்ற மருந்து கலப்பார்கள். வரிக்குதிரை, குதிரை எல்லாம் அதைக் கொஞ்சம் தின்றாலே இதயத் தசை கெட்டுப்போகும். கலப்பு அடைப்பில் யாருடைய தொட்டியில் யார் வாய் வைத்தது என்று சொல்ல முடியாது, அதனால் தீவனம் வாங்கும்போதே எல்லா வாய்க்கும் பொருந்துவதாக வாங்க வேண்டும்.

குரங்கு வைக்கும் எண்ணம் இருந்தால் ஒரு வரி: அணில் குரங்கையும் மார்மோசெட் என்கிற சின்னக் குரங்கையும் இரண்டும் தென்னமெரிக்காதானே என்று சேர்த்துவிடாதீர்கள். அணில் குரங்கு சும்மா சுமக்கும் ஹெர்பிஸ் வைரஸ் மார்மோசெட்டைக் கொன்றுவிடும். ஒரே கண்டம் என்ற வாதம் இங்கே எதிர்த்திசையில் வேலை செய்கிறது.


நேர்ப்பேச்சு:

குறுக்கே வருகிறேன், கோபிக்க வேண்டாம். இவ்வளவு ஆபத்து இருக்கும்போது எதற்குக் கலக்க வேண்டும்? பார்க்க வருகிறவர் ஒரே போட்டோவில் நாலு விலங்கு எடுக்க வேண்டும் என்பதற்காகவா? விலங்குக்கு இதில் என்ன லாபம்?


மண்டாய்வாசி:

நியாயமான கேள்வி. சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், உயிரியல் பூங்காவுக்கு அடிக்கடி போகிற ஆள், அவ்வளவுதான், அதிகாரி இல்லை.

இங்கே எத்தியோப்பியப் பிளவுப் பள்ளத்தாக்கு மாதிரி அமைத்த பகுதியில் ஹமாட்ரியாஸ் பபூன் கூட்டமும் நூபிய ஐபெக்ஸ் ஆடுகளும் ஒரே பாறைச் சரிவில் இருக்கின்றன. நியூயார்க்கில் பிராங்க்ஸ் பூங்காவிலும் கிட்டத்தட்ட அதே யோசனை, 1990-ல் திறந்தது, அங்கே ஜெலடா குரங்கும் ஐபெக்ஸும். பபூன் ரவுடி, பல்லைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனாலும் ஓடுகிறது. காரணம் பாறை. ஐபெக்ஸ் ஏறி நிற்கிற செங்குத்து விளிம்பில் பபூன் துரத்திப் போய்ப் பிரயோசனம் இல்லை, ஆடு இரண்டு தாவலில் மேலே போய் நின்று கீழே பார்க்கும். தரைப்பரப்பு அதிகமில்லை, உயரம்தான் இடத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. நீங்கள் 8 ஏக்கர் 8 ஏக்கர் என்று தரையை மட்டும் அளக்கிறீர்கள்.

லாபம் என்ன என்று கேட்டால், தனியாக அடைத்த விலங்கு நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். பக்கத்தில் வேறொரு உயிர் நடமாடினால் கவனிக்கும், முகரும், விலகும், திரும்பி வரும். சுவிட்சர்லாந்தில் பாசல் பூங்காவில் இந்தியக் காண்டாமிருகத்தோடு சின்ன நீர்நாய்களை விட்டிருக்கிறார்கள். பெல்ஜியத்தில் பைரி டைசாவில் ஒராங்குட்டான் தீவைச் சுற்றி ஓடும் தண்ணீரில் நீர்நாய்க் குடும்பம், குட்டி ஒராங்குட்டான் கரையில் உட்கார்ந்து அவற்றோடு விளையாடும் படங்கள் 2020-ல் எங்கும் சுற்றின. இங்கெல்லாம் பெரிசுக்குச் சின்னது போட்டி இல்லை, சின்னதுக்குத் தண்ணீருக்குள்ளும் பொந்துக்குள்ளும் போக வழி இருக்கிறது, சாப்பாடும் வேறு. நடுத்தர அளவில், ஒரே சாப்பாடு தின்கிற இரண்டைச் சேர்ப்பதுதான் வம்பு. நாலு வகை மான் என்பது அதில் வரும்.

போட்டோவுக்காக மட்டும் என்றால் கலக்கவே வேண்டாம். ஹாம்பர்க்கில் கார்ல் ஹாகன்பெக் என்ற விலங்கு வியாபாரி 1907-லேயே அகழியை மறைத்து, முன்னால் நீர்ப்பறவை, அதற்குப் பின்னால் மேய்கிற விலங்கு, அதற்கும் பின்னால் சிங்கம் என்று ஒரே காட்சியாகத் தெரியும்படி கட்டிவிட்டார். கட்டடக்கலைக்காரருக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை, இருந்தும் தீசிஸ்களில் அது வராதது எனக்குப் புரியவில்லை.


கூண்டுப்பறவை:

பறவை வைக்கிற எண்ணமிருந்தால் ஒரு தடவை மார்கழி தையில் வேடந்தாங்கல் போய் உட்காருங்கள். ஒரே நீர்க்கடம்பு மரத்தில் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா எல்லாம் கூடு வைத்திருக்கும். பெரிய நாரைகள் உச்சியிலும் வெளிக்கிளையிலும், வக்கா உள்ளே தழைக்கடியில். மேல்கிளை இல்லாமல் எல்லாக் கிளையும் ஒரே உயரத்தில் வைத்த கூண்டில் அதே பறவைகள் குச்சிக்குச் சண்டை போட்டே முட்டையை உருட்டிவிடும். கூழைக்கடாவோடு வாத்து வைத்தால் வாத்துக்குஞ்சு எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும், திருடனைத் தேட வேண்டாம். நெருங்கிய சொந்தங்களையும் சேர்க்காதீர்கள். நீள வால் கோழிகளான கோல்டன் ஃபெசன்ட்டும் லேடி ஆம்ஹெர்ஸ்ட் ஃபெசன்ட்டும் ஒரே கூண்டில் இருந்தால் அடுத்த வருடம் இரண்டுமில்லாத ஒன்று நடமாடும். நம் நாட்டு உயிரியல் பூங்கா விதிகளில் கலப்பினத்துக்கு இடமில்லை.


வரைபலகை:

எல்லோருக்கும் நன்றி. கீப்பர் ஐயா, தம்பி இல்லை, தங்கை.

முற்றத்தை நுழைவாயிலுக்குத் தள்ளிவிட்டேன், செம்மறியும் கோழியும் போயாச்சு. கடமான் குளத்துக்கு அந்தப் பக்கம் மரநிழலில் தனியாக. புள்ளிமானுக்கும் வெளிமானுக்கும் நடுவில் மறைத்த பள்ளம், ஹாகன்பெக் புண்ணியம். மேட்டிலிருந்து பார்த்தால் நான் நினைத்த காட்சி அப்படியே வருகிறது, சொல்லப்போனால் முன்னைவிட நன்றாக. இரண்டு சந்தேகம் மிச்சம். ஆப்பிரிக்காப் பக்கம் வில்டபீஸ்ட் இல்லாமல் மற்ற மூன்றும் சரியா? குட்டி பிறந்தால் அடைப்பில் என்ன வசதி வேண்டும்? இதெல்லாம் எந்த வரைபட நூலிலும் இல்லை.


பழைய கீப்பர்:

சரிம்மா, தங்கை என்றே வைத்துக்கொள்வோம்.

வரிக்குதிரையில் ஆண் வேண்டாம், பெட்டை மட்டும் போதும். ஆண் வரிக்குதிரை அடுத்தவர் குட்டியைக் கண்டால் கடித்துத் தூக்கி அடிக்கும், மிதிக்கும். பார்க்கச் சாதுவாக இருப்பதால் ஏமாறுகிறார்கள். ஒட்டகச்சிவிங்கி கன்று போடுகிற சமயம் வரிக்குதிரை மொத்தமாகக் கொட்டிலில். ஒட்டகச்சிவிங்கிக்குத் தழையை உயரத்தில் கப்பி வைத்துத் தொங்கவிடு, வரிக்குதிரை வாய்க்கு எட்டாது, ஒரு தகராறு குறைந்தது. வரிக்குதிரைக்குத் தரையில் புல். நெருப்புக்கோழி ஆணுக்குக் கால் முன்பக்கம் சிவந்துவிட்டால் அது இணைசேரும் பருவம், உதை முன்னால் பார்த்து விழும், கீப்பர் போய் ஒளிந்துகொள்ளத் தடுப்பு வேண்டும், வரைபடத்தில் அதையும் போடு, எங்களை யாரும் நினைப்பதில்லை.

குட்டிக்கு வருகிறேன். வெளிமான் குட்டி பிறந்த முதல் நாட்களில் ஓடாது, புல்லுக்குள் அசையாமல் படுத்துக்கிடக்கும், தாய் தூரத்தில் மேயும், பால் கொடுக்க மட்டும் வரும். சுத்தமாகப் புல் வெட்டின மைதானத்தில் அது எங்கே படுக்கும்? அதனால் ஒரு ஓரத்தில் இடுப்பளவு புல்லை வெட்டாமல் விடு, அதைச் சுற்றிக் கட்டைகளை நட்டு இடைவெளி விடு, வெளிமான் நுழையணும், நீலகாய் தோள் மாட்டணும். அந்த மாதிரி இரண்டு மூன்று இடம். பெரியது துரத்தினாலும் சின்னது அதற்குள் போய் நின்றுகொள்ளும். மூலைகளை நேர்கோணமாக வைக்காதே, வளைத்துவிடு, துரத்துப்படும் விலங்கு மூலையில்தான் மாட்டும்.

புது விலங்கை விடும் முறையும் இருக்கிறது. சின்னதை முதலில் விடு, சில வாரம் அது தனியாக இருந்து எங்கே பொந்து, எங்கே தண்ணீர், எங்கே வாசல் என்று பழகட்டும். பெரியதை வேலிக்கு அந்தப் பக்கம் வைத்து முகம் பழக்கு. அப்புறம் ஒரு நாள் காலையில் இரண்டுக்கும் வயிறு நிறைந்த பிறகு திறந்துவிடு. ஜனக்கூட்டம் இல்லாத, பூங்காவுக்கு வார விடுமுறை நாளில், வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை மாதிரி. புது வேலியில் பச்சைத் துணியோ தென்னை ஓலையோ கட்டிவை. வெளிமான் மிரண்டு ஓடினால் கம்பிவேலி அதன் கண்ணுக்கே தெரியாது, கழுத்து முறிகிற வேகத்தில் போய் மோதும். நான் பார்த்த ஒரு பூங்காவில் அப்படி ஒரே காலையில் இரண்டு போயிற்று, எந்த விலங்கும் அவற்றைத் தொடவில்லை, வேலிக்கு வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்தது, அவ்வளவுதான்.


ஆடுமாடு டாக்டர்:

இதோடு ஒரு தனிமைக் கொட்டிலும் சேருங்கள், புதிதாக வரும் விலங்கைச் சாணப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை முடியும்வரை வைக்க. கண்காட்சிப் பகுதியிலிருந்து தள்ளி, தனி வடிகாலோடு. மாணவர் திட்டங்களில் பத்துக்கு ஒன்பதில் இது இருக்காது, மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்கு வரைபடம் போனால் முதலில் தேடுவது இந்த மாதிரி விஷயங்களைத்தான்.


வரைபலகை:

தனிமைக் கொட்டில் தென்கிழக்கு மூலையில் போடலாமா டாக்டர்? அங்கேதான் சரக்கு வண்டி வரும் வழி இருக்கிறது.


ஆடுமாடு டாக்டர்:

வண்டி வழி நல்லதுதான், விலங்கு வண்டியில்தானே வருகிறது. ஆனால் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அந்த மூலை மேடாக இருந்து, அங்கே கழுவின தண்ணீர் உங்கள் குளத்துக்கு வருமென்றால் மாற்றிவிடுங்கள்.


பழைய கீப்பர்:

வரைபடத்தை இங்கே ஏற்று, பார்க்கிறேன். வடக்கு எந்தப் பக்கம் என்று குறித்துவிடும்மா. கிரால் வாசல் மேற்குப் பார்த்து இருந்தால் சாயங்கால வெயில் நேராக உள்ளே அடிக்கும், தீவனம் வைத்துக் கூப்பிட்டாலும் ஒன்றும் வராது.